ஏழு சீற் அமெரிக்க வான்

மனைவியும் நானும் பிரிந்த வருடம்தான் அந்த வானை வாங்கினேன். வீட்டில் இருந்தது நான் ஒருவன். வானில் இருந்தது ஏழு சீற். லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் தெரு முனையிலுள்ள தமிழ்க் கடையில் ஒரு கிழமை முழுக்க இதுதான் கதை. "அண்ணை, தனி ஆளுக்கு ஏழு சீற்றோ?" என்று கடைக்காரர் மரவள்ளிக்கிழங்கைத் தராசில் நிறுத்தபடியே கேட்டார். "ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சீற்றில இருந்து பார்க்கப் போறன்" என்றேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உண்மையில் ஏன் வாங்கினேன் என்று எனக்கே அப்போது தெரியவில்லை. இரண்டு பேர் இருந்த வீட்டில் ஒருவர் குறைந்தால் எல்லாவற்றையும் சின்னதாக வாங்கவேண்டும் என்பது ஊர் வழக்கம். சின்னச் சட்டி, சின்ன பிரிட்ஜ், சின்னக் கார். அந்த வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. கோபத்தில் வாங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிவைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. இரண்டு பேர் மேலும் பெரிய பிழை கிடையாது. அப்படிச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை என்பதால் சொல்வதையே விட்டுவிட்டேன். அவர் பாரிஸில் தங்கையோடு இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பாளர். காலையில் கேற்றைத் திறப்பதும், ஹீற்றர் வேலை செய்கிறதா என்று பார்ப்பதும், பின்னேரம் எல்லாரும் போன பிறகு ஒவ்வொரு வகுப்பாகப் பூட்டிக்கொண்டு வருவதும் என் வேலை. நாள் முழுக்கப் பிள்ளைகளின் சத்தத்துக்குள் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் கேத்தில் கொதிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்கும். சில நாட்களில் அதற்காகவே இரண்டாம் தரமும் தேத்தண்ணி போட்டிருக்கிறேன்.

வான் ஓர் அமெரிக்கக் கம்பனியுடையது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதைத் தங்கம் என்பவர்களும் குப்பை என்பவர்களும் சேர்ந்து என்னோடு சண்டைக்கு வருவார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பொயிலர் அறைக்குள் இருந்து அந்தக் கம்பனியின் கதை முழுவதையும் போனில் வாசித்தேன். யாரோ ஒரு பிடிவாதக்காரன் பட்டறையில் தொடங்கியது. போர்க்காலத்தில் படைக்கு லொறி செய்தது. போர் முடிந்ததும் கப்பல் மாதிரி நீளமான கார்களைச் செய்தது. பெற்றோல் விலை ஏறியபோது அந்தக் கப்பல்களை வாங்க ஆளில்லை. விழப் போகிற நேரத்தில் யாரோ கை கொடுத்தார்கள். பிறகு பிள்ளைகுட்டிக்காரருக்கென்று பெட்டி போன்ற வான்களைச் செய்து நிமிர்ந்தது. திரும்பவும் விழுந்தது, கை மாறியது, இன்னொரு தரம் கை மாறியது. இங்கே வந்து கடை விரித்தது. பிறகு ஒரு நாள் இனிச் சரிவராது என்று கடையைக் கட்டிக்கொண்டு இந்த நாட்டை விட்டே போய்விட்டது. நான் வானை வாங்கும்போதே அது போகிற எண்ணத்தில்தான் இருந்திருக்கிறது. என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு எப்போதும் கடைசியில்தான் சொல்வார்கள்.

கம்பனி கைவிட்ட வான்காரரெல்லாம் சேர்ந்து இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். நானும் சேர்ந்தேன். ஸ்கொட்லாந்தில் ஒருவர் தன் வான் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை, செத்தால் அதற்குள்ளேயே வைத்துப் புதையுங்கள் என்று எழுதுவார். அவருக்குக் கீழேயே லீட்ஸில் இருக்கிற ஒரு பெண், தன்னுடையது கராஜில் நின்ற நாட்கள்தான் கூட என்று திட்டித் தீர்ப்பார். அந்த வானை விற்கிறீர்களா என்று கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். வேல்ஸில் ஒரு விவசாயி வானைப் பற்றி ஒரு சொல்லும் எழுதமாட்டார். பின் சீற்றில் தன் நாய் இருக்கிற படத்தை மட்டும் ஒவ்வொரு கிழமையும் போடுவார். நான் என் உடைந்த ஆங்கிலத்தில், பக்கக் கதவு சிக்னலில் நிற்கும்போது தானாகத் திறக்கிறது என்று எழுதினேன். பன்னிரண்டு பேர் பதில் போட்டார்கள். பன்னிரண்டு பேரின் கதவும் அப்படித்தானாம். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வருத்தம் ஒன்று ஒரே மாதிரி வாய்த்தால் சனம் எவ்வளவு கெதியில் ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் எங்கள் ஆட்கள் அந்த வானின் வருத்தங்களுக்கு வேறு காரணம் வைத்திருந்தார்கள். வாங்கிய முதல் வெள்ளிக்கிழமை விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்தேன். ஐயர் வந்து முன் கண்ணாடிக்குக் கீழே விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காயை உடைத்தார். தேங்காய் அழுகல். ஐயர் முகத்தை மாற்றாமல் வேறொன்றை எடுத்து உடைத்துவிட்டு, "ஒண்டுமில்லை, ஓடுங்கோ" என்றார். ஆனால் பக்கத்தில் நின்ற பிளேஸ்டோப் பெண்கள் நாலு பேர் அதைக் கண்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு கதவு திறந்தால் அழுகல் தேங்காய், கியர் மாற மறுத்தால் அழுகல் தேங்காய், ஜன்னல் பாதியில் நின்று மழை உள்ளே வந்தால் அதுவும் அழுகல் தேங்காய். வானைச் செய்த டெட்ரோயிட் பக்கத்தில் பிழை விட்டார்களா என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்த நாலு பேரும் அன்றைக்கே, "அண்ணை, வாற வெள்ளியும் வருவியள்தானே, எங்களையும் ஏத்திக்கொண்டு வாங்கோவன்" என்று கேட்டார்கள். ஈஸ்ட்ஹாமிலேயே நடந்து போகிற தூரத்தில் கோயில் இருக்கிறது. ஆனால் இவர்களுக்கு விம்பிள்டன் பிள்ளையார்தான் வேண்டும். ஒருவர் மட்டும் பிள்ளையாருக்கு ஏதோ நேர்த்திக்கடன் வைத்திருந்தார், மற்ற மூவருக்கும் லண்டனைக் குறுக்காகக் கடந்து போய்வருகிற அந்தப் பயணம்தான் நேர்த்தி. எனக்கும் அப்படித்தான், நான் ஒத்துக்கொண்டேன்.

நாலு பேரில் இரண்டு பேர் சகோதரிகள், வாய் ஓயாதவர்கள். மற்ற இருவர் மாமியும் மருமகளும். ஒரே வீட்டில் இருந்தும் அவர்கள் ஒருவரோடு ஒருவர் நேரடியாகக் கதைப்பதில்லை. "அண்ணை, அவவிட்டைக் கேளுங்கோ ஜன்னலைச் சாத்தட்டோ எண்டு" என்று மாமி என் மூலம் கேட்பார். மருமகளும் என்னிடம்தான் பதில் சொல்வார். ஆகவே மாமி நடு வரிசை, மருமகள் பின் வரிசை, வரிசைக்கு ஒரு சகோதரி என்று இருத்தி வைத்தேன். அந்த வான் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ தெரியாது, இந்த வேலைக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது.

ஐந்தாவது ஆள் பிறகு வந்தவர். வால்தம்ஸ்டோவில் தனியாக இருப்பவர். ஊரில் படிப்பித்தவர் என்பதால், இங்கே வந்து இத்தனை வருடம் சூப்பர்மார்க்கெற் கவுண்டரில் வேலை செய்தும் எல்லாரும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் மெல்பேர்னில். அவருக்கு பஸ்ஸிலும் பின் சீற்றிலும் இருந்தால் தலை சுற்றி, வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும். ஆகவே முன் சீற் அவருக்கென்று ஆனது. ஒருவரும் மறுத்துச் சொல்லவில்லை.

பாதை இப்படி அமைந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு முதலில் வால்தம்ஸ்டோவுக்குப் போவேன். ரீச்சரை ஏற்றிக்கொண்டு லெய்ட்டன், ஸ்ட்ராட்போர்ட் வழியாகப் பிளேஸ்டோவுக்குத் திரும்பி வந்து மற்ற நாலு பேரையும் ஏற்றி, பிளாக்வால் சுரங்கத்தால் ஆற்றைக் கடப்போம். திரும்பி வரும்போது அவர்களை முதலில் இறக்கிவிட்டு ரீச்சரைக் கடைசியாகக் கொண்டுபோய் விடுவேன். நான் வேண்டுமென்று செய்யவில்லை, பாதையே அப்படி. ஆனால் போகும்போது அரை மணித்தியாலம், வரும்போது அரை மணித்தியாலம், வானில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். கிழமையின் மற்ற நாட்களை நான் அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் தள்ளிக்கொண்டிருந்தேன்.

என்ன கதைத்தோம்? பெரிதாக ஒன்றுமில்லை. கவுண்டரில் இருந்து பார்த்தால் ஆட்களின் சீவியம் தெரியும் என்பார். "ஒரு மனிசன் ஒவ்வொரு செவ்வாயும் ஒரேயொரு உருளைக்கிழங்கு வாங்குறார். ஒண்டு. பை கூட எடுக்கிறேல்லை, பொக்கெற்றுக்குள்ள போட்டுக்கொண்டு போறார்." அதற்கு முதல் நாள்தான் நான் ஒரேயொரு கத்தரிக்காய் வாங்கியிருந்தேன். வானின் டாஷ்போர்டில் எப்போதும் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். கராஜ்காரர் எவ்வளவு பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. ரீச்சர் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார், அணைந்துவிடும். "பிள்ளையளும் இப்பிடித்தான், ஆரும் கவனிக்கோணும் எண்டுதான் அழுகிறது" என்பார். நான் எத்தனையோ தரம் தட்டியிருக்கிறேன், எனக்கு ஒரு நாளும் அணையவில்லை.

இன்னொன்று. மற்ற நாலு பேரும் வாய் நிறைய அண்ணை என்பார்கள். ரீச்சர் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "நீங்கள்", "கேட்டியளே", "இஞ்சை பாருங்கோ", அவ்வளவுதான். எங்களில் ஒரு பெண் அந்நிய ஆணோடு நாலு சொல் கதைத்தால் அதற்குள் இரண்டு அண்ணை வந்துவிடும். அது ஒரு வேலி. அவர் ஏன் வேலி போடவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் போட்டுவிடுவாரோ என்று பயம். அவர் பக்கத்தில் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் அதற்கு ஒரு பெயர் வைக்க எனக்குத் துணிவில்லை. பெண்சாதி விட்டுப் போனவன் ஒருவன், புருஷனை இழந்த ஒருத்தி, ஒரே காரில். பின்னால் நாலு பேர் இருக்கும்வரை அது கோயில் பயணம். நாலு பேரும் இல்லாவிட்டால் அது செய்தி.

வான் செத்தது விம்பிள்டனுக்குப் பக்கத்து ரூட்டிங்கில், கோயிலால் திரும்பி வரும்போது. சிக்னல் பச்சையாகியது, அக்சிலரேற்றரை அழுத்தினேன், எஞ்சின் உறுமியது, வான் அசையவில்லை. கீழே ஏதோ சங்கிலி அறுந்த மாதிரிச் சத்தம் கேட்டது. பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. பட்டுச் சீலையோடு ஐந்து பெண்கள் இறங்கி நடைபாதையில் நிற்க, வழியில் போன இளைஞர்கள் இரண்டு பேர் வானைத் தள்ளி ஓரத்தில் விட்டார்கள். மூத்த சகோதரி கையில் அர்ச்சனைத் தட்டோடு நின்று, "நான் அண்டைக்கே சொன்னனான், அந்தத் தேங்காய்" என்றார். இழுத்துப்போகிற லொறி வர நேரமெடுத்தது. வந்த லொறிக்காரருக்கு மாமி சுண்டல் கொடுத்தார். அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கிச் சாப்பிட்டு, இது என்ன பயறு என்று கேட்டார்.

லொறியின் முன்பக்கத்தில் லொறிக்காரரைத் தவிர இரண்டு பேர்தான் இருக்கலாம். மற்றவர்கள் அண்டர்கிரவுண்டில் போகவேண்டும். நிலத்துக்குக் கீழே ரயிலில் போனாலும் ரீச்சருக்குத் தலை சுற்றும். அது எல்லாருக்கும் தெரியும். ஆகவே நாலு பேரும் பட்டுச் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குள் இறங்கினார்கள். ரீச்சர் லொறியில் என் பக்கத்தில் ஏறினார். லொறிக்காரர் தன் மகளின் நீச்சல் போட்டியைப் பற்றிக் கதைத்துக்கொண்டே ஓட்டினார். ரீச்சர் அடிக்கடி பின் கண்ணாடியால் திரும்பிப் பார்த்தார். வான் சங்கிலியில் கட்டுண்டு எங்களுக்குப் பின்னால் ஆடிக்கொண்டு வந்தது. "பாவம்" என்றார். "திருத்தலாம்" என்றேன். "திருத்துங்கோ" என்றார். எனக்கு அது ஓர் உத்தரவு மாதிரி இருந்தது.

திருத்த ஏலவில்லை. ரயில் பாலத்துக்குக் கீழே கராஜ் வைத்திருக்கும் எங்கள் ஆள் கீழே படுத்துப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணை, கியர்பொக்ஸ் முழுக்கப் போயிட்டுது. சாமான் எடுக்கேலாது. கம்பனிக்காரனே இல்லை, ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?" என்றார். குழுவில் எழுதினேன். எனக்காக அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு இளகும். லீட்ஸ் பெண் நாலு இடத்துக்குப் போன் பண்ணினார். கடைசியில் வட அயர்லாந்தில் ஒரு பழைய கியர்பொக்ஸ் கிடைத்து, வந்தும் சேர்ந்தது. பெட்டியைத் திறந்தால் அது வேறு எஞ்சினுக்கு உரியது. அதற்கு மேல் கராஜ்காரர், "விடுங்கோ அண்ணை" என்றார். ஒரு காலை வந்து வானை ஏற்றிக்கொண்டு போனார்கள். குழுவில் செய்தி போட்டேன். முன்பின் பார்த்திராத நாற்பது ஐம்பது பேர் அனுதாபம் எழுதினார்கள். வேல்ஸ் விவசாயி முதல் தரமாக ஒரு சொல் எழுதினார்: வருந்துகிறேன்.

பிறகு வாங்கியது சின்ன ஜப்பான் கார். பழுது என்பதே தெரியாத கார். அதற்கும் ஒரு குழு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது, ஆனால் அங்கே ஒருவருக்கும் ஒருவரோடும் கதைக்க ஒன்றுமில்லை.

அதில் என்னைத் தவிர நாலு பேர்தான் ஏறலாம். பெண்களோ ஐந்து பேர். ஒருவரை விடவேண்டும். யாரை? மூத்த சகோதரியை விட்டால் இளையவர் வரமாட்டார். மருமகளை விட்டால் மாமிக்குச் சந்தோஷம், அந்தச் சந்தோஷத்தாலேயே அந்த வீட்டில் சண்டை வரும். மாமியை விட்டால் நான் அந்தத் தெருவால் போகேலாது. நாலு பேரையும் ஏற்றுவதென்றால் ரீச்சரை விடவேண்டும். அது நடக்காது. அப்படியே யாரையாவது விட்டாலும் பின் சீற்றில் மூன்று பேர் தோளோடு தோள் இடிக்க இருக்கவேண்டும். மாமியும் மருமகளும் லண்டனின் ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தத்துக்கு ஒட்டிக்கொண்டு இருப்பதை என்னால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. ரீச்சரை மட்டும் ஏற்றினால் அடுத்த நாளே தமிழ்க் கடையில் என் பெயர் மரவள்ளிக்கிழங்கோடு சேர்த்து நிறுக்கப்படும். என் பெயர் போனால் பரவாயில்லை. அவருடைய பெயரும் போகும்.

ஐந்து பேருக்கும் ஒரே மாதிரிச் செய்தி அனுப்பினேன்: வான் போய்விட்டது, வேறு ஒழுங்கு செய்துவிட்டுச் சொல்கிறேன். ஒழுங்கு எதுவும் வரவில்லை. நாலு பேரும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு ஈஸ்ட்ஹாம் கோயிலுக்கு நடந்து போகத் தொடங்கிவிட்டார்கள் என்று கடையில் கேள்விப்பட்டேன். ரீச்சரும் அவர்களோடு எப்படியோ சேர்ந்துகொண்டிருப்பார் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. அவரும் போன் அடிக்கவில்லை. தேவைப்பட்டது வான்தான், நான் அதற்குள் இருந்த ஒரு சாமான் என்று முடிவு கட்டினேன். அந்த முடிவில் ஒரு ரோசமும் இருந்தது. ரோசத்தோடு இருந்தால் தனிமை கொஞ்சம் மரியாதையாகத் தெரியும்.

ஒரு வெள்ளி பின்னேரம் மட்டும் மனம் கேட்காமல் வால்தம்ஸ்டோவுக்குப் போனேன். அவர் வீட்டு ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. எதிர் வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம், வாசலில் நின்று யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள். காரை நிறுத்தினால் என்ன சொல்லி இறங்குவது? இந்த வழியால் வந்தேன் என்றா? பிளேஸ்டோக்காரனுக்கு அந்தத் தெரு எந்த வழியும் இல்லை. வேகத்தைக் குறைக்காமல் கடந்து போய், தெருமுனை வட்டச் சந்தியில் திரும்பி வீட்டுக்கு வந்தேன்.

கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்குப் பிறகு போன் வந்தது. "ரீச்சர் கதைக்கிறன்" என்றார். அதைச் சொல்லவும் வேண்டுமா? "ஞாயிறு காலமை ஹீத்ரோவுக்கு என்னைக் கொண்டுபோய் விடேலுமோ? மகளிட்டைப் போறன்." எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "விசா வந்திட்டுது. ஒரேயடியாப் போறன்தான்" என்றார்.

ஞாயிறு காலை வீட்டு வாசலில் இரண்டு சூட்கேசோடு நின்றார். எதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னலால் பார்த்தார்கள். அன்றைக்கு ஒருவரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள், எயர்போட்டுக்கு ஏற்றிப்போவது தர்மம். ஒரு சூட்கேஸ் டிக்கிக்குள் போனது, மற்றதைப் பின் சீற்றில் வைத்தேன். அவர் முன்னால் ஏறி பெல்ற்றைப் போட்டுக்கொண்டு, டாஷ்போர்டைப் பார்த்தார். தட்டுவதற்கு அதில் ஒன்றும் எரியவில்லை.

"நல்ல அமைதியான கார்" என்றார், நோர்த் சேர்குலர் பெருந்தெருவில் ஏறிய பிறகு.

"ஓம். ஒரு வருத்தமும் இல்லை."

"அவையள் நாலு பேரும் எப்பிடி? இப்பவும் கோயிலுக்குப் போறவையோ?"

எனக்கு விளங்கவில்லை. "நீங்கள் அவையோட போறேல்லையோ?"

"நான் எப்பிடிப் போறது? பஸ்ஸில ஏறினால் எனக்கு ஏலாது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே." கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்தார். "முதல் ரெண்டு மூண்டு வெள்ளி சீலையைக் கட்டிக்கொண்டு ஜன்னலடியில நிண்டனான். ஒழுங்கு செய்திட்டுச் சொல்லுறன் எண்டு எழுதினனீங்கள்தானே."

நான் அவசரமாகச் சீற் கணக்கைச் சொல்லத் தொடங்கினேன். யாரை விட்டால் யார் கோபிப்பார், யாரை யாருக்குப் பக்கத்தில் இருத்தேலாது என்று முழுவதையும் சொன்னேன். மாமியும் மருமகளும் ஒட்டிக்கொண்டு இருக்கிற இடம் வந்ததும் அவர் சிரித்தார். கண்ணில் தண்ணி வர, கைலேஞ்சியை எடுத்துத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்க நானும் சிரித்தேன். எனக்கு அந்த வருடத்தில் அதுதான் முதல் சிரிப்பு. பிறகு அவர் சட்டென்று நிறுத்தினார்.

"இவ்வளவு நாளும் இதையோ யோசிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?"

"வேறை என்ன செய்யிறது ரீச்சர்? அஞ்சு பேருக்கு இடமில்லை."

"நான் ஒரு ஆள்" என்றார். "எனக்கு ஒரு சீற் போதும்."

M4 நெடுஞ்சாலை வந்துவிட்டது. ஞாயிறு காலை என்பதால் பாதை வெறுமையாக இருந்தது. நான் மெதுவாக ஓட்டினேன். எங்களை லொறிகள் கூட முந்திக்கொண்டு போயின.

"உங்களை மட்டும் ஏத்தினால் சனம் கதைக்கும் எண்டு நினைச்சனான்."

"கதைக்கட்டுமே." அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அவர் செத்த நாளிலயிருந்து ஒருத்தரும் என்னைப் பற்றி நல்லதெண்டோ கெட்டதெண்டோ ஒண்டும் கதைச்சதில்லை. ரீச்சர் பாவம் எண்டு மட்டும் சொல்லுவினம். ஏதும் கதைச்சிருந்தால் எனக்குச் சந்தோசமாக்கூட இருந்திருக்கும்."

நான் மழையில்லாமலே வைப்பரை ஒருதரம் போட்டு அணைத்தேன்.

"மகள் எத்தினையோ காலமா வா வா எண்டு கேட்டவள்" என்றார். "வெள்ளிக்கிழமை கோயில் இருக்கு, வான் வரும், என்னை ஏத்த ஆள் வரும் எண்டு சொல்லிச் சொல்லிக் கடத்தினனான். அவளுக்கும் அலுத்துப்போச்சு. வான் நிண்ட பிறகு எனக்குச் சொல்ல ஒரு சாட்டும் இருக்கேல்லை. சரி, விசாவுக்குப் போடு எண்டு சொன்னன்."

வான் நின்றது ஒரு கியர்பொக்ஸால். அதைச் செய்தவர்கள் கடலுக்கு அப்பால் எங்கேயோ இருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் வேலை செய்கிற கார் ஒன்று என் வாசலில் நின்றது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. வால்தம்ஸ்டோ அரை மணித்தியாலம்.

டெர்மினலுக்கு முன்னால் ஆட்களை இறக்குகிற இடத்தில் நிறுத்தினேன். அங்கே அதிக நேரம் நிற்க விடமாட்டார்கள். சூட்கேசுகளை எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்தேன். அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், திரும்பவும் போட்டார். பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"என்ன, ஒண்டும் சொல்லாமல் நிக்கிறியள்?"

போகாதேங்கோ என்ற சொல் வாயில் நின்றது. நான் பொய் சொல்லவில்லை, நாக்கு நுனியில் நின்றது. ஆனால் பின்னால் ஒரு டாக்சி ஹோர்ன் அடித்தது, மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் கையைக் காட்டிக்கொண்டு எங்களை நோக்கி வந்தார்.

"பாஸ்போட், ரிக்கெற் எல்லாம் எடுத்தனீங்கள்தானே?" என்று கேட்டேன்.

கைப்பையைத் திறந்து பார்த்தார். "ஓம்" என்றார், "எல்லாம் இருக்கு."